எல்லையோரச் செய்தியாளருக்கு ஏற்ற விருப்பப் பாடங்கள்

(பாலக்காட்டு எல்லைப் பகுதியில் இதழியல், மக்கள் தொடர்பியல் முதுகலை மாணவரிடையே நிகழ்த்திய உரை)



இதழியல் முதுகலைப் படிப்பின் விருப்பப் பாடங்களைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். பாடத்திட்டக் குழுக் கூட்டங்களில் இப்பொருள் பெரும்பாலும் இறுதியில்தான் வரும். செய்தி எழுதுதல், செம்மையாக்கம், இதழியல் வரலாறு, ஊடகச் சட்டம், ஆராய்ச்சி முறை ஆகியவற்றைக் கட்டாயப் பாடங்களாக வகுத்தபின், எஞ்சியிருக்கும் வேளைகளில் எதை வைக்கலாம் என்ற கேள்வி எழும். ஆசிரியர் எவர் இருக்கிறாரோ அவருக்குத் தெரிந்த பாடம் விருப்பப் பாடமாகிவிடும். மாணவரும் எது எளிது, எதற்கு மதிப்பெண் மிகுதி என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பர். இவ்வாறு நடப்பதை நாம் அனைவரும் அறிவோம்.

ஆனால் இந்த மண்ணில் நின்றுகொண்டு பார்க்கும்போது, விருப்பப் பாடமே படிப்பின் உயிர்ப்பகுதி என்று எனக்குத் தோன்றுகிறது. ஏன் என்பதைச் சற்று விளக்கமாகச் சொல்ல விரும்புகிறேன்.

விருப்பப் பாடம் ஏன்?

1941ஆம் ஆண்டில் லாகூரில், பஞ்சாப் பல்கலைக்கழகம் இதழியல் படிப்பைத் தொடங்கியது. 1947இல் சென்னைப் பல்கலைக்கழகம் அப்படிப்பைத் தொடங்கிற்று. 1965இல் தில்லியில் இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனம் நிறுவப்பட்டது. இன்று நாடெங்கும் இத்துறைகள் பெருகிவிட்டன. 2015ஆம் ஆண்டையொட்டிப் பல்கலைக்கழக மானியக் குழு விருப்பத் தேர்வு முறையை வலியுறுத்தியதன் பயனாக, ஒவ்வொரு பட்டப் படிப்பிலும் விருப்பப் பாடங்களுக்கு உரிய இடம் ஒதுக்கப்பட்டுள்ளது.

கட்டாயப் பாடம் எல்லா ஊருக்கும் பொதுவானது. செய்தியின் முதற்பத்தி எப்படி அமைய வேண்டும் என்பது தில்லியிலும் ஒன்றுதான், தேவிகுளத்திலும் ஒன்றுதான். அவதூறுச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதில்லை. எனவே கட்டாயப் பாடத்தில் ஊர் நுழைவதற்கு வழியில்லை. நுழைய வேண்டிய தேவையும் இல்லை. ஊர் நுழையக்கூடிய ஒரே வாயில் விருப்பப் பாடம். அந்த வாயிலையும் விளம்பரக்கலை, நிகழ்ச்சி மேலாண்மை, திரைப்படத் திறனாய்வு என்று எங்கும் கிடைக்கும் பாடங்களாலேயே அடைத்துவிட்டால், கல்லூரி எந்த நிலத்தில் நிற்கிறதோ அந்த நிலத்தைப் பற்றி ஒரு சொல்லும் அறியாமலே மாணவர் பட்டம் பெற்றுச் சென்றுவிடுவர். அப்பாடங்களை நான் இகழவில்லை. அவற்றை எங்கிருந்தும் கற்கலாம். வாளையாற்றையும் வட்டவடையையும் பற்றிக் கற்க, இங்கே தவிர வேறு எங்கே செல்வது?

எல்லையின் இயல்பு

இந்த எல்லை தோன்றிய வரலாற்றைச் சுருக்கமாக நினைவூட்டுகிறேன். அட்டப்பாடியும் வாளையாறும் சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தன. சித்தூர் வட்டம் கொச்சி அரசுக்கு உரியதாக இருந்தது. தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் திருவிதாங்கூர் அரசின் பகுதிகள். 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழி திருத்தி அமைக்கப்பட்டபோது இவை யாவும் கேரளத்தில் அடங்கின. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழ்நாட்டுடன் சேர்க்க வேண்டும் என்று அன்று பெருங்கிளர்ச்சி நடைபெற்றதையும், தெற்கே அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்களும் செங்கோட்டைப் பகுதியும் சென்னை மாநிலத்துடன் இணைந்ததையும் நீங்கள் அறிவீர்கள். பின்னர் 1957இல் பாலக்காடு மாவட்டமும், 1972இல் இடுக்கி மாவட்டமும் உருவாயின.

அந்தப் பழைய வழக்கை மீண்டும் எடுப்பது என் நோக்கமன்று. கோடு எங்கே வரையப்பட்டிருந்தாலும் அதன் இருமருங்கிலும் இருமொழி மக்கள் வாழ்ந்தே தீர்வர் என்பதைச் சுட்டுவதே நோக்கம். கொழிஞ்சாம்பாறையிலும் வடகரப்பதியிலும் எருத்தேன்பதியிலும் உழவர் வீட்டு மொழி தமிழ். மறையூரை உள்ளிட்ட அஞ்சுநாட்டுக் கிராமங்களிலும், மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களிலும், குமுளியிலும் பெருந்தொகையினர் தமிழ் பேசுகின்றனர். இவர்களுடைய பள்ளி, நீதிமன்றம், வருவாய் அலுவலகம், ஊராட்சி ஆகியவை கேரளத்தைச் சார்ந்தவை. சந்தை, உறவு, மருத்துவமனை ஆகியவை பல நேரங்களில் கோயம்புத்தூரையும் பொள்ளாச்சியையும் உடுமலையையும் தேனியையும் சார்ந்தவை.

அரசியலமைப்பின் 350-அ பிரிவு மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வகை செய்யுமாறு மாநிலங்களைப் பணிக்கிறது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுடன் தம் மொழியிலேயே கடிதப் போக்குவரத்து நடத்த இடமளிக்கிறது. ஆனால் சட்டத்தில் உள்ள உரிமை, அது இருக்கிறது என்று மக்களுக்குத் தெரிந்தால்தான் பயன்படும். அதைத் தெரிவிக்க வேண்டியவர் செய்தியாளர். சென்னைப் பதிப்புக்கு இவர்கள் வேற்று மாநிலத்தவர். கொச்சிப் பதிப்புக்கு இவர்கள் வேற்று மொழியினர். இரண்டு செய்தித்தாள்களின் கடைசி மூலையில் இவர்களுடைய ஊர் இருக்கிறது. இந்நிலையை மாற்ற ஐந்து விருப்பப் பாடங்களை நான் முன்வைக்கிறேன்.

முதலாவது: இருமொழிச் செய்தியாக்கம்

மலையாளமும் தமிழும் உடன்பிறந்த மொழிகள். அந்த நெருக்கமே செய்தியாளனுக்கு முதல் ஆபத்து. தெரியாத சொல்லைக் கண்டால் நாம் அகராதியைப் புரட்டுகிறோம். தெரிந்ததுபோல் தோற்றமளிக்கும் சொல்லைக் கண்டால் புரட்டுவதில்லை.

‘அவகாசம்’ என்றால் தமிழில் காலம், ஓய்வு, மலையாளத்தில் உரிமை. தொழிலாளர் அவகாசம் கேட்டனர் என்ற மலையாளச் செய்தியைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால், உரிமை கேட்டவர் தவணை கேட்டவராகிவிடுவார். ‘வெள்ளம்’ நமக்குப் பெருக்கு. அவர்களுக்குக் குடிக்கும் நீரும் வெள்ளமே. ஊரில் வெள்ளம் இல்லை என்பது மலையாளத்தில் துயரச் செய்தி, தமிழில் ஆறுதற் செய்தி! இடுக்கி மாவட்டத்தில் பல்லாண்டுகளாகப் பேசப்பட்டுவரும் சொல் ‘பட்டயம்’. அங்கே அது நில உரிமை ஆவணம். நாம் ‘பட்டா’ என்று கூறுவது. தமிழிலோ பட்டயம் என்றவுடன் தொழிற்கல்விச் சான்றிதழே நினைவுக்கு வருகிறது. பட்டயம் வழங்கும் விழா என்ற செய்தி எல்லையைக் கடந்து வரும்போது, நிலமற்ற குடும்பம் நிலம் பெற்ற செய்தி கல்லூரி விழாவாக மாறிவிடக்கூடும்.

இக்காலத்தில் மொழிபெயர்ப்பைக் கணிப்பொறியே செய்துவிடுகிறதே என்று கேட்பீர்கள். செய்கிறது, விரைவாகவும் செய்கிறது. ஆனால் அதன் பிழையைக் கண்டுபிடிக்க இரு மொழியும் அறிந்த மனிதர் ஒருவர் வேண்டும். எனவே இப்பாடத்தில் தமிழ் மாணவர் மலையாள எழுத்தையும், மலையாள மாணவர் தமிழ் எழுத்தையும் முதல் ஆறு வாரங்களில் கற்க வேண்டும். எஞ்சிய வாரங்களில் ஒரே நிகழ்ச்சியை இருவரும் சென்று பார்த்து, தத்தம் மொழியில் எழுதி, ஒருவர் படியை மற்றவர் திருத்த வேண்டும். சித்தூர், மூணாறு அரசுக் கல்லூரிகளில் தமிழ்த்துறைகள் உள்ளன. அவற்றின் ஆசிரியர் துணையை நாடினால், இப்பாடத்துக்குப் புதிய ஆசிரியப் பதவி எதுவும் தேவைப்படாது.

இரண்டாவது: நீரும் அறிவியலும்

இந்த எல்லையின் பெரிய செய்திகள் பெரும்பாலும் நீர்ச் செய்திகளே. பரம்பிக்குளம்-ஆழியாறு உடன்படிக்கை 1970இல் கையெழுத்தாகி, 1958ஆம் ஆண்டிலிருந்தே நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. அதன்படி சித்தூர்ப் பகுதிக்கு ஆண்டுதோறும் 7.25 டி.எம்.சி. நீர் மணக்கடவு அணைக்கட்டில் கிடைக்க வேண்டும். ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. இந்தக் கணக்கை அறியாமல் நீர்ச் செய்தி எழுதுவது, தராசு இல்லாமல் மளிகைக் கடை நடத்துவது போன்றது. நீர் குறைந்த ஆண்டில் சித்தூர் உழவர் ஒரு பக்கமும், பொள்ளாச்சி, உடுமலை உழவர் மறுபக்கமும் நின்று குரல் எழுப்புவர். இரு குரலும் உண்மைத் துயரத்தின் குரலே. எத்தனை கன அடி வந்தது, எத்தனை நாள் வந்தது, எந்த அளவுகோலில் பதிவாயிற்று என்று கேட்டு எழுதும் செய்தியாளரே இருவருக்கும் உதவுகிறார்.

முல்லைப் பெரியாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். 1886இல் திருவிதாங்கூர் மன்னருக்கும் ஆங்கில அரசுக்கும் இடையே 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் ஏற்பட்டது. 1895இல் அணை பயன்பாட்டுக்கு வந்தது. 1979இல் பாதுகாப்புக் கருதி நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. 2006 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் 142 அடிக்கு இசைவளித்தது. அதைத் தடுக்கும் வகையில் கேரளம் இயற்றிய சட்டத் திருத்தத்தை 2014ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் அரசியல் சாசன அமர்வு செல்லாதென அறிவித்து, 142 அடியை உறுதி செய்தது. இத்துணை நீண்ட வழக்கில், ஒரு மொழி இதழ்களைப் படித்தவருக்கு அணை நாளையே உடைந்துவிடும். மற்ற மொழி இதழ்களைப் படித்தவருக்கு அச்சம் என்பதே சூழ்ச்சி. கீழே வாழ்பவரின் அச்சமும், தேனி, மதுரை, இராமநாதபுரம் வரையுள்ள உழவரின் தேவையும் ஒரே கட்டுரையில் இடம்பெற்றதை நான் அரிதாகவே கண்டேன்.

2011 டிசம்பரில் எல்லையில் பதற்றம் நிலவியபோது குமுளிப் பக்கத்துத் தேநீர்க்கடை ஒன்றில் அமர்ந்திருந்தேன். மேசைமீது தமிழ் நாளிதழ் ஒன்றும் மலையாள நாளிதழ் ஒன்றும் கிடந்தன. ஏலத்தோட்டத் தொழிலாளி ஒருவர் இரண்டையும் புரட்டிப் பார்த்துவிட்டு, “நாளைக்குத் தோட்டத்துக்கு ஜீப்பு போகுமா, போகாதாங்கய்யா? அத ரெண்டு பேப்பர்லயும் போடலையே” என்று கேட்டார். கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் நாள்தோறும் மலையேறிக் கூலிக்குச் செல்பவர்களுக்கு அன்று வேண்டியிருந்த செய்தி அது ஒன்றுதான். அதை எழுத இரு மாநிலக் காவல் நிலையங்களையும், தோட்ட அலுவலகத்தையும், ஜீப்பு ஓட்டுநர்களையும் கேட்டிருந்தால் போதும். எவரும் கேட்கவில்லை. நானும் அன்று கேட்கவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

நீரோடு அறிவியலையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும். இதற்குப் பெருமாட்டி ஊராட்சியின் பிளாச்சிமடை நல்ல எடுத்துக்காட்டு. அங்கே 2000ஆம் ஆண்டில் கோக்கக் கோலா குளிர்பான ஆலை இயங்கத் தொடங்கியது. கிணற்று நீர் கெட்டுவிட்டது, வற்றிவிட்டது என்று கூறி, 2002 ஏப்ரல் 22ஆம் நாள் மக்கள் அறப்போராட்டம் தொடங்கினர். எரவாளர் பழங்குடியைச் சேர்ந்த மயிலம்மா அதன் முகமாக விளங்கினார். உழவர்களுக்கு உரமென்று வழங்கப்பட்ட ஆலைக் கழிவில் காட்மியமும் ஈயமும் இருப்பதை 2003 ஜூலையில் பி.பி.சி. வானொலி நிகழ்ச்சியொன்று பிரிட்டனின் எக்சிட்டர் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் சோதித்து வெளியிட்டது. ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. 2010இல் மாநில அரசு அமைத்த உயர்நிலைக் குழு, ஏற்பட்ட இழப்பை ஏறத்தாழ 216 கோடி ரூபாய் என மதிப்பிட்டது.

இதில் மாணவர் கருத வேண்டியது ஒன்று உண்டு. ஒரு பிடிச் சேற்றை முறைப்படி எடுத்து, முத்திரையிட்டு, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, முடிவைப் பொருள் புரிந்து எழுதும் பயிற்சியே அந்த வானொலிச் செய்தியாளரிடம் இருந்த வலிமை. அதற்காகக் கடல் கடந்து ஒருவர் வர நேர்ந்தது. பாலக்காட்டிலிருந்து பேருந்தில் செல்லக்கூடிய தொலைவில்தான் பிளாச்சிமடை இருக்கிறது.

மூன்றாவது: தொழிலும் கூலியும்

2015 செப்டம்பரில் மூணாற்றுத் தேயிலைத் தோட்டப் பெண்கள் நடத்திய வேலைநிறுத்தம் கேரளம் முழுவதையும் வியப்பில் ஆழ்த்தியது. முந்தைய ஆண்டு 19 விழுக்காடாக இருந்த ஊக்கத்தொகை 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டதை எதிர்த்து, 20 விழுக்காடு கேட்டு ஆயிரக்கணக்கான பெண்கள் சாலையில் அமர்ந்தனர். தொழிற்சங்கத் தலைவர்களையும் அவர்கள் அருகில் விடவில்லை. ஒன்பது நாள் போராட்டத்தின் முடிவில் 8.33 விழுக்காடு ஊக்கத்தொகை, 11.67 விழுக்காடு கருணைத்தொகை என 20 விழுக்காடு பெற்றனர். பின்னர் நடந்த கூலிப் பேச்சின் விளைவாக, 232 ரூபாயாக இருந்த நாட்கூலி 301 ரூபாயாயிற்று.

அவர்கள் தம் அமைப்புக்குப் ‘பெம்பிளை ஒருமை’ என்று பெயரிட்டுக்கொண்டனர். தோட்டத்து வாய்மொழியில் பிறந்த அப்பெயர் இரு மொழியினர் செவிக்கும் புரிவது. பாடநூல் எழுதுவோர் எவரும் அத்தகைய பெயரை உருவாக்கியிருக்க முடியாது.

அந்நாட்களில் நாடெங்குமிருந்து செய்தியாளர் மூணாற்றுக்கு வந்தனர். பெண்களின் வீரத்தைப் போற்றினர். அது தேவையே. ஆனால் ஊக்கத்தொகைக்கும் கருணைத்தொகைக்கும் என்ன வேறுபாடு, நாளொன்றுக்கு எத்தனை கிலோ கொழுந்து பறித்தால் முழுக்கூலி, ஓய்வு பெறும் நாளில் லயத்து வீட்டை விட்டு வெளியேறும் குடும்பம் எங்கே போகும் என்ற வினாக்கள் அவ்வளவாக எழவில்லை. போராட்டம் முடிந்ததும் ஊர்திகள் மலையிறங்கிவிட்டன. தொழிற்சட்டம், கூலிக் கணக்கு, நிறுவனத்தின் ஆண்டறிக்கை ஆகியவற்றைப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் பாடம் ஒன்று இருந்தால், மலையிறங்கிய பிறகும் செய்தி தொடரும். சென்னையில் உள்ள ஆசிய இதழியல் கல்லூரி வறுமையையும் இல்லாமையையும் செய்தியாக்குவதைத் தனிப்பாடமாகவே கற்பிக்கிறது. நகரத்துக் கல்லூரி அதைச் செய்யும்போது, தோட்டத்தின் வாசலில் உள்ள கல்லூரி செய்யத் தயங்கலாமா?

நான்காவது: இடர்க்காலச் செய்தி

2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர் லயங்களை மூடியது. 70 பேர் மாண்டனர். தூத்துக்குடி மாவட்டம் கயத்தாற்றுப் பகுதியைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பங்கள் அவற்றில் பல. கடும் மழையில் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் அற்றுப்போயிருந்தமையால், மறுநாள் காலையில்தான் செய்தி வெளியுலகை எட்டியது.

அந்த மறுநாள் மாலையிலேயே கோழிக்கோட்டு விமான நிலையத்தில் விமானம் ஒன்று ஓடுபாதையைக் கடந்து விழுந்தது. 21 பேர் உயிரிழந்தனர். செய்தி ஊடகங்களின் கண்ணும் காதும் அங்கே திரும்பின. விமான விபத்தில் இறந்தோர் குடும்பங்களுக்கு மாநில அரசு 10 இலட்சம் ரூபாயும், பெட்டிமுடியில் இறந்தோர் குடும்பங்களுக்கு 5 இலட்சம் ரூபாயும் அறிவித்தது. இவ்வேறுபாடு அன்றே விவாதத்துக்குள்ளாயிற்று. இரு துயரங்களை ஒப்பிட்டு எடைபோடுவது என் கருத்தன்று. எந்தத் துயரத்துக்குச் செய்தியாளர் எளிதில் சென்று சேர முடிகிறதோ அந்தத் துயரமே பெரிதாகத் தெரிகிறது என்பதைத்தான் சொல்கிறேன். சாலையும் மொழியும் தொலைபேசியும் செய்தியின் அளவை முடிவு செய்துவிடுகின்றன.

இடர்க்காலச் செய்திப் பாடம் இடர் நிகழ்ந்த பின் எப்படி எழுதுவது என்பதோடு நின்றுவிடலாகாது. வானிலை எச்சரிக்கையின் வண்ணக் குறிகள் எவற்றைக் குறிக்கின்றன, எந்தச் சரிவு ஆபத்தானதென்று புவியியல் வரைபடம் காட்டுகிறது, அந்த எச்சரிக்கை லயத்தில் உறங்குபவருக்குத் தமிழில் சென்று சேர்கிறதா என்பனவற்றை மழைக்கு முன்பே கேட்கப் பழக்க வேண்டும். 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் மூணாற்றின் மலை இரயில் பாதையையே அழித்தது. 2018இலும் மலை சரிந்தது, 2020இலும் சரிந்தது. மலை தன் வரலாற்றை மறைத்ததில்லை. அதைப் படித்துச் சொல்லவே ஆள் வேண்டும்.

ஐந்தாவது: சமுதாய வானொலியும் பழங்குடி மொழிகளும்

அகளி, புதூர், சோலையூர் ஆகிய மூன்று ஊராட்சிகள் அடங்கியது அட்டப்பாடி. அங்கே இருளர், முதுகர், குறும்பர் வாழ்கின்றனர். இடுக்கியில் 2010இல் அமைந்த இடமலைக்குடி, கேரளத்தின் முதற் பழங்குடி ஊராட்சி. அங்கு வாழ்வோர் முதுவர். இவர்களுடைய மொழிகள் தமிழுக்கும் மலையாளத்துக்கும் நெருங்கியவை. ஆயினும் தனித்தன்மை உடையவை. இருளர் மொழிப் பாடலைத் திரைப்படத்தில் பாடிய அட்டப்பாடி நஞ்சியம்மா 2022இல் அறிவிக்கப்பட்ட தேசிய விருதைப் பெற்றபோது நாடு மகிழ்ந்தது. அதே அட்டப்பாடியில் பச்சிளங் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்த செய்தி 2013இல் நாட்டை உலுக்கியது. அந்த மொழியைப் பாடலாகக் கேட்டோம். அம்மொழி பேசும் தாய் தன் குழந்தையின் நோயைப் பற்றி என்ன சொன்னாள் என்பதை அவள் சொல்லிலேயே கேட்டவர் எத்தனை பேர்?

கல்வி நிலையங்கள் சமுதாய வானொலி நடத்த 2002இல் மைய அரசு வழி திறந்தது. 2004 பிப்ரவரி 1ஆம் நாள் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் நாட்டின் முதல் வளாக வானொலி ஒலிக்கத் தொடங்கியது. 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் அவ்வுரிமை விரிந்தது. சமுதாய வானொலிகள் தாமே செய்தி தயாரித்து ஒலிபரப்ப விதிகள் இடந்தரவில்லை என்பது உண்மை. ஆனால் வானிலை, போக்குவரத்து, குடிநீர், மின்சாரம், தேர்வு, வேலைவாய்ப்பு, உடல்நலம் ஆகியன பற்றிய அறிவிப்புகளுக்குத் தடையில்லை. மலையூருக்கு அன்றாடம் வேண்டியவை இவையே அல்லவா?

1975-76இல் செயற்கைக்கோள் வழியாக 6 மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சிக் கல்வி வழங்கிய பெருஞ்சோதனையை நம் நாடு நடத்தியது. உழவன் தன் மொழியில், தன் வயலைப் பற்றிய நிகழ்ச்சியைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அப்போதே வேரூன்றியது. இன்று அச்சோதனைக்கான கருவி ஒவ்வொரு மாணவர் கைப்பையிலும் இருக்கிறது. ஒலிப்பதிவு செய்ய ஒரு கைப்பேசி போதும். வேண்டியது, ஊரில் பத்து நாள் தங்கிப் பொறுமையாகக் கேட்கும் பழக்கம்.

எழக்கூடிய தடைகள்

இப்பாடங்களைப் படித்தால் வேலை கிடைக்குமா என்று உங்களில் பலர் மனத்துக்குள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்வி. கொழிஞ்சாம்பாறை உழவர் வீட்டிலிருந்து வந்த மாணவி கொச்சியிலோ சென்னையிலோ நல்ல ஊதியத்தில் பணியாற்ற விரும்பினால், அவளை எல்லைப்புறத்திலேயே கட்டிப்போட எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் நீர் உடன்படிக்கை ஒன்றைப் படித்துப் புரிந்துகொள்ளக் கற்றவள் எந்த உடன்படிக்கையையும் படிப்பாள். தோட்டக் கூலிக் கணக்கைப் பிரித்தறிந்தவள் நிறுவனங்களின் வரவுசெலவுக் கணக்குகளையும் பிரித்தறிவாள். இரு மொழியில் பிழையின்றி எழுதக்கூடியவர் எந்த அலுவலகத்திலும் மிகுதியாக இருப்பதில்லை. ஊரைக் கற்பது ஊரோடு முடங்குவதாகாது.

ஆசிரியர் எங்கே என்பது அடுத்த கேள்வி. ஐந்து பாடங்களையும் ஒரே கல்லூரி நடத்த வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கல்லூரி நீரையும் இருமொழியையும் எடுத்துக்கொள்ளட்டும். இடுக்கிக் கல்லூரி தோட்டத்தையும் இடரையும் எடுத்துக்கொள்ளட்டும். கோயம்புத்தூர், மதுரைப் பல்கலைக்கழகங்களின் மாணவர் இங்கு வந்து ஒரு பருவம் பயிலவும், இங்குள்ளோர் அங்கு சென்று பயிலவும் வழி செய்யட்டும். பணி ஓய்வு பெற்ற பொதுப்பணித்துறைப் பொறியாளர், தொழிற்சங்கத்தில் உழைத்த மூதாட்டி, ஊராட்சித் தலைவர் ஆகியோர் பட்டம் பெறாதவராயினும் பாடம் சொல்லத் தக்கவர்களே.

மூன்றாவது தடை கடினமானது. விருப்பப் பாடம் என்றால் விரும்பாதவர் எடுக்க மாட்டார். இவ்வறிவு எவருக்கு மிகவும் தேவையோ, அவரே இதை ஒதுக்கிவிடக்கூடும். இதற்கு முழுமையான விடை என்னிடம் இல்லை. இவற்றைக் கட்டாயமாக்கினால் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்யும் இன்னொரு தாள் பிறக்கும். ஆகவே ஒன்றை மட்டும் வலியுறுத்துவேன். எந்த விருப்பப் பாடத்தை எடுத்தாலும், விளம்பரக்கலையையே எடுத்தாலும், அதன் தேர்வில் பாதி மதிப்பெண் எல்லையோர ஊர் ஒன்றில் செய்த களப்பணிக்கு உரியதாக இருக்கட்டும். அந்த ஊராட்சியின் ஆண்டுத் திட்டத்தை மாணவர் படிக்கட்டும். வேண்டிய ஆவணத்தை 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கேட்டுப் பெறட்டும். எழுதிய கட்டுரையை ஆசிரியரிடம் கொடுக்குமுன், அந்த ஊர் மக்கள் முன் அவர்கள் மொழியில் படித்துக் காட்டட்டும். அவர்கள் “அப்படியில்லை, தம்பி” என்று திருத்தினால், அதுவே அவர் பெறும் முதல் மதிப்பீடு.

நண்பர்களே, வளர்ச்சித் திட்டங்கள் தலைநகரங்களில் வகுக்கப்படுகின்றன; அவற்றின் பயனும் பயனின்மையும் கடைசி ஊரில் தெரியவருகின்றன. கடைசி ஊரிலிருந்து தலைநகருக்குச் செய்தி திரும்பிச் செல்லும் பாதையில் நிற்பவர் நீங்கள். அடுத்த மாதம் விருப்பப் பாடங்களுக்கான படிவம் உங்கள் கைக்கு வரும். அதை நிரப்புமுன் ஒருநாள் வேலந்தாவளத்துக்கோ மறையூருக்கோ பேருந்தேறிச் சென்று, தேநீர்க்கடையில் அமர்ந்து, அங்குள்ளவருக்கு நாளைய தினம் என்ன செய்தி வேண்டும் என்று கேட்டுவிட்டு வாருங்கள். படிவத்தை அதன் பிறகு நிரப்பலாம்.